திருச்சி – யாழ்ப்பாணம்: வாசலிலிருந்து அளப்போம்

தென்னிந்தியாவும் இலங்கையின் வடக்கும் சேர்ந்து தெரியும் வரைபடம் ஒன்றை மேசையில் விரித்துக்கொள்ளுங்கள். திருச்சி விமான நிலையத்தின் மேல் அளவுகோலின் ஒரு முனையை வைத்து, மேற்கே கோவை விமான நிலையம் வரை அளந்து பாருங்கள். நேர்க்கோட்டில் சுமார் 185 கிலோமீட்டர் வரும். வைத்த முனையை நகர்த்தாமல், அளவுகோலைத் தென்கிழக்கே திருப்பி, யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையம் வரை அளந்து பாருங்கள். ஏறத்தாழ அதே அளவுதான் வரும்.

கோவை நமக்குப் பக்கத்து ஊர். காலையில் திருச்சியில் பேருந்து ஏறி, கோவையில் வேலையை முடித்துக்கொண்டு, இரவு வீடு திரும்புகிறவர்கள் ஏராளம். யாழ்ப்பாணம் என்றதும் நம் மனம் வேறு கணக்குப் போடுகிறது. அது கடல் கடந்த ஊர், வெளிநாடு, பல நாள் ஏற்பாடு. ஒரே அளவு தூரத்தில் இருக்கும் இரண்டு ஊர்களில் ஒன்று அண்டை வீடாகவும் மற்றொன்று தொலைதேசமாகவும் ஆனதற்குக் காரணம் கிலோமீட்டர் அல்ல.

2025 மார்ச் 30 அன்று திருச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே இண்டிகோ நிறுவனம் நேரடி விமான சேவையைத் தொடங்கியது. எழுபது, எண்பது பேர் அமரும் ஏடிஆர் ரகச் சிறிய விமானம். பயண நேரம் சுமார் ஒரு மணி. அன்றைய செய்திகள் ‘ஒரு மணி நேரத்தில் யாழ்ப்பாணம்’ என்று மகிழ்ச்சியோடு சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டன. அந்த ஒரு மணி நேரத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம். ஒரு விமான சேவையின் பயன் வானத்தில் செலவாகும் நிமிடங்களில் தெரியாது. புறப்படும் வீட்டு வாசலிலிருந்து போய்ச் சேரும் வீட்டு வாசல் வரை அளந்தால்தான் தெரியும். அப்படி அளக்கத் தொடங்கினால், நம் அரசுகள் செய்ய வேண்டிய வேலைகளும் தெளிவாகத் தெரியவரும்.

பறப்பது எவ்வளவு நேரம்?

ஏடிஆர் 72 விமானம் சமநிலையில் பறக்கும்போது மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும். இந்த வேகத்தில் 185 கிலோமீட்டரைக் கடக்க 22 நிமிடம் போதும். பிறகு அட்டவணையில் ஒரு மணி நேரம் என்று போடுகிறார்களே, மீதி நேரம் எங்கே போகிறது?

விமானத் துறையினர் ‘பிளாக் டைம்’ என்று ஒன்றைச் சொல்வார்கள். நின்றிருக்கும் விமானத்தின் சக்கரம் உருளாமல் இருக்க முட்டுக்கட்டை வைத்திருப்பார்கள். அந்தக் கட்டையை எடுத்த நிமிடத்திலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மீண்டும் கட்டை வைக்கும் நிமிடம் வரை உள்ள மொத்த நேரம் அது. நமக்குப் பயணச்சீட்டில் காட்டப்படும் நேரம் அதுதான். விமானம் ஓடுபாதையின் முனைக்கு ஊர்ந்து செல்வது, மேலேறுவது, இறங்கும் முன் வேகத்தைக் குறைத்துச் சுற்றி வந்து ஓடுபாதைக்கு நேராக வருவது, இறங்கி மெல்ல ஊர்ந்து நிறுத்துமிடம் சேர்வது எல்லாம் அதில் அடக்கம். காற்றின் திசையைப் பார்த்து ஓடுபாதையின் எந்த முனையிலிருந்து ஏறுவது, எந்த முனையில் இறங்குவது என்று முடிவு செய்வார்கள். அதிலேயே சில நிமிடங்கள் கூடும், குறையும். வானத்திலும் நினைத்தபடி நேர்க்கோட்டில் போக முடியாது. வகுக்கப்பட்ட வான்வழிகள் உண்டு. சென்னைக் கட்டுப்பாட்டு எல்லையிலிருந்து கொழும்புக் கட்டுப்பாட்டு எல்லைக்கு விமானத்தைக் கைமாற்றிவிடும் முறை உண்டு.

குறுகிய தூரப் பயணத்தில் ஏற்றமும் இறக்கமும்தான் பெரும்பகுதி. ஏறி முடித்துச் சமநிலைக்கு வருவதற்குள் இறங்கும் நேரம் வந்துவிடுகிறது. தூரம் பாதியானால் நேரமும் பாதியாகும் என்ற பள்ளிக்கூடக் கணக்கு இங்கே செல்லுபடியாகாது. திருச்சியிலிருந்து கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையம் நேர்க்கோட்டில் சுமார் 415 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அங்கே பெரிய ஜெட் விமானத்தில் போகவும் ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் ஆகிறது.

இரண்டுக்கும் பறக்கும் நேரம் ஒன்றுதான் என்றால், யாழ்ப்பாணத்துக்கு நேரடி விமானம் விட்டதால் யாருக்கு என்ன லாபம்? இந்தக் கேள்விக்கு விடை வானத்தில் கிடைக்காது.

தெற்கே போய் வடக்கே வந்தவர்கள்

யாழ்ப்பாணத்திலிருந்து திருச்சிக்கு வந்துகொண்டிருந்த விமானத்தில் எனக்குப் பக்கத்து இருக்கையில் மானிப்பாயைச் சேர்ந்த ஒரு மூதாட்டி. மகள் வீட்டுக்கு வருகிறார். மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் ஒடியல் மாவும் பனங்கட்டியும் இருப்பதாகச் சொன்னார். விமானம் மேலெழுந்து, கடலின் நீலம் தெரிந்து, அவர் பையைக் காலடியில் வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே தரையிறங்கப் போவதாக அறிவிப்பு வந்துவிட்டது. “தம்பி, இப்பதான் பெல்ட்டைக் கழட்டச் சொன்னவை, அதுக்குள்ளை திருப்பிப் போடட்டாம். உவ்வளவு கிட்டவோ திருச்சி?” என்று கேட்டார். ஜன்னலுக்குக் கீழே தஞ்சை மாவட்டத்துத் தென்னந்தோப்புகள் வந்துவிட்டிருந்தன. “போன முறை கொழும்பாலை வரேக்கை கால் ரெண்டும் வீங்கிப்போச்சு” என்று முழங்காலைத் தடவிக்கொண்டார்.

அந்த வீங்கிய கால்களில்தான் நேரடி விமானத்தின் பொருள் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு சாலைவழியாகச் சுமார் 400 கிலோமீட்டர். இரவுப் பேருந்தில் எட்டு மணி நேரம் உட்கார்ந்தபடியே தெற்கே போக வேண்டும். விடியற்காலையில் இறங்கி, விமான நிலையத்துக்கு வேறு வண்டி பிடிக்க வேண்டும். சர்வதேசப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்பே போய்க் காத்திருக்க வேண்டும். அதன் பிறகு விமானம் ஏறி, வந்த திசையிலேயே வடக்கு நோக்கித் திரும்பிப் பறக்க வேண்டும். சாலையில் 400, வானில் 415. மொத்தம் 815 கிலோமீட்டர். முந்தைய நாள் மாலையில் வீட்டைப் பூட்டியவர் மறுநாள் மதியம்தான் திருச்சியில் கால் வைப்பார். 185 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் ஊருக்கு இத்தனை சுற்று.

நேரடி விமானத்தில் கணக்கு எப்படி? யாழ்ப்பாணம் நகரிலிருந்து பலாலி 16, 17 கிலோமீட்டர். அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். விமான நிலைய நடைமுறைகளுக்கு இரண்டு முதல் மூன்று மணி நேரம். விமானம் ஒரு மணி நேரம். இறங்கி, குடியேற்றச் சோதனை, சுங்கம் முடித்து வெளியே வர முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும், ஐந்தரை மணி நேரத்துக்குள் வீட்டு வாசலிலிருந்து திருச்சித் தெருவுக்கு வந்துவிடலாம். பதினெட்டு மணி நேரம் ஐந்தரை மணி நேரமாகச் சுருங்கியிருக்கிறது. விமானத்தின் வேகம் ஒரு கிலோமீட்டர்கூடக் கூடவில்லை. மிச்சமான அத்தனை மணி நேரமும் தரையில் மிச்சமானது.

பிராந்திய விமான நிலையங்களின் பயனே இதுதான். மக்கள் விமானத்தைத் தேடித் தலைநகருக்குப் போகும் நிலையை மாற்றி, விமானத்தை மக்கள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவருகின்றன. அந்த ஐந்தரை மணி நேரத்தையும் உற்றுப் பாருங்கள். அதில் உண்மையாகப் பறப்பது முக்கால் மணி நேரத்துக்குள்தான். மீதி முழுவதும் வண்டி, வரிசை, காத்திருப்பு. இனிமேல் குறைக்க வேண்டிய நேரமும் அங்கேதான் இருக்கிறது.

தூரம் மாறவில்லை, காலம்தான் மாறியது

இரு கரைகளுக்கும் இடையிலான தூரத்தை இயற்கை என்றோ முடிவுசெய்துவிட்டது. பயண நேரத்தை முடிவுசெய்தவை அரசுகளும் போர்களும் புயல்களும்தான். நல்லூரில் 1822-இல் பிறந்த ஆறுமுக நாவலர் கடல் கடந்து வந்து 1864-இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரானார். விமானம் இல்லாத நாளில் அவர்களுக்கு இந்தக் கடல் தடையாக இருக்கவில்லை.

1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் போட் மெயில் வந்தது. சென்னை எழும்பூரில் ரயிலேறி, தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறி, தலைமன்னாரில் மீண்டும் ரயிலேறிக் கொழும்பு சேரலாம். அந்த ரயில் திருச்சி வழியாகத்தான் போனது. ரயிலுக்கும் கப்பலுக்கும் மறுகரை ரயிலுக்கும் சேர்த்து ஒரே பயணச்சீட்டு. வாசலிலிருந்து வாசல்வரை பயணத்தை ஒன்றாகப் பார்க்கும் சிந்தனை நூறாண்டுக்கு முன்பே இந்தக் கடலில் இருந்திருக்கிறது.

பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை அமைத்தது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையில் புறப்பட்டு, யாழ்ப்பாணக் குடாநாட்டில் இறங்கி, சென்னைக்குப் பறந்தது. இலங்கை சுதந்திரம் பெறுவதற்கு இரண்டு மாதம் முன்பு நடந்தது இது. அந்த நிறுவனத்தின் முதல் விமானப் பாதையிலேயே யாழ்ப்பாணமும் சென்னையும் இருந்தன.

பிறகு ஒவ்வொரு வழியாக அடைபட்டது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் ராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பல் 1980-களின் நடுவில் நின்றது. பலாலி முழுமையாகப் படைத்தளமானது. 1990 ஜூனில் யாழ்ப்பாணத்துக்கு வந்துகொண்டிருந்த ரயில் நின்றது. கண்டி வீதி மூடப்பட்டது. கிளாலிக் கடனீரேரியை இரவில் படகில் உயிரைப் பணயம் வைத்துக் கடந்தார்கள் மக்கள். அந்த ஆண்டுகளிலும் திருச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே அதே 185 கிலோமீட்டர்தான். பயண நேரம் என்று சொல்லத்தான் ஒன்றும் இருக்கவில்லை.

போர் முடிந்து பத்தாண்டுக்குப் பிறகு, 2019 அக்டோபர் 17 அன்று பலாலி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியது. நான்கே மாதத்தில் கொரோனா வந்து சேவை நின்றது. மீண்டும் தொடங்க 2022 டிசம்பர் ஆயிற்று. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சென்னையிலிருந்து வந்தது. அடுத்த மார்ச்சில் திருச்சி. சென்னை விமான நிலையத்திலிருந்து பலாலி நேர்க்கோட்டில் சுமார் 355 கிலோமீட்டர். திருச்சியிலிருந்து அதில் பாதிதான். காவிரிப் படுகையில் இருப்பவர்களுக்குச் சென்னை சேர்வதே ஒரு நாள் வேலை என்பதால், இந்தப் பாதியின் மதிப்பு பல மடங்கு.

இந்தத் தூரத்துக்கு விமானம் தேவையா?

நியாயமான கேள்வி ஒன்று எழும். 185 கிலோமீட்டருக்கு விமானம் விடுவது வீண் ஆடம்பரம் இல்லையா? சுற்றுச்சூழலுக்குக் கேடு இல்லையா? பிரான்ஸ் நாடு, ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் போகக்கூடிய இடங்களுக்கு உள்நாட்டு விமானத்தையே சட்டம் போட்டு நிறுத்தியது. 2023 மே மாதம் அது நடைமுறைக்கு வந்தது. விமானம் மேலேறும்போதுதான் எரிபொருளை அதிகம் குடிக்கிறது. அதனால் குறுகிய தூரப் பயணத்தில் கிலோமீட்டருக்கு ஆகும் எரிபொருள் கூடுதல். இவை மறுக்க முடியாத உண்மைகள்.

ஆனால் பிரான்ஸ் போட்ட சட்டத்தின் அடிப்படையைக் கவனியுங்கள். மாற்று ரயில் இருக்கும் இடத்தில் மட்டும்தான் விமானத்துக்குத் தடை. திருச்சியிலிருந்து கோவைக்கு விமானம் கேட்டால் நானும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அங்கே தண்டவாளமும் சாலையும் இருக்கின்றன. திருச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே நேர்க்கோடு போட்டால், முதல் பாதி நிலம். அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம் பக்கமாகக் கரையைத் தாண்டியதும் மறுபாதி முழுவதும் பாக் நீரிணை. அங்கே ஓட ரயில் கிடையாது.

ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்று இரண்டு சிறு தீவுகள். இடையே மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. உலகிலேயே மிகக் குறுகிய பயணிகள் விமான சேவை அங்கே 1967 முதல் நடக்கிறது. காற்று சாதகமாக இருந்தால் ஒரு நிமிடத்தில் பயணம் முடிந்துவிடும். ஆசிரியர்களும் நோயாளிகளும் அதில் போகிறார்கள். அங்கே யாரும் கிலோமீட்டரை வைத்து அந்தச் சேவையின் தேவையை அளக்கவில்லை. நடுவில் இருக்கும் கடலை வைத்து அளந்தார்கள்.

கப்பல் இருக்கிறதே என்றால், இருக்க வேண்டியதுதான். நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் கப்பல் தொடங்கி, சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ என்ற கப்பலோடு மீண்டும் ஓடத் தொடங்கியது. 60 கடல் மைல். நான்கு மணி நேரம். கட்டணம் குறைவாகவும் சுமை கூடுதலாகவும் கொண்டுபோக நினைப்பவர்களுக்கு அதுவே நல்ல வழி. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளிக்கும்போது கப்பல் ஓட முடியாது. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டு வருகிறவரும், தந்தையின் இறுதிச் சடங்குக்கு ஓடுகிறவரும் கடல் அடங்கும்வரை காத்திருக்க முடியாது. கப்பலும் விமானமும் ஒன்றையொன்று தாங்க வேண்டியவை. இந்தப் பாதையில் ஜெட்டை விடக் கணிசமாகக் குறைந்த எரிபொருளில் பறக்கும் ஏடிஆர் விமானம் ஓடுவதும் ஒரு நல்ல அம்சம்.

நின்று நின்று ஓடினால் பயனில்லை

பிராந்திய விமான சேவைகளின் பெரிய நோய் தொடர்ச்சியின்மை. இதற்குச் சேலம் நல்ல பாடம். மத்திய அரசின் ‘உடான்’ திட்டத்தின் கீழ், ஓமலூர் அருகே காமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையத்திலிருந்து 2018 மார்ச்சில் சென்னைக்கு விமானம் தொடங்கியது. மக்கள் விரும்பி ஏறினார்கள். 2021-இல் சேவை நின்றது. மீண்டும் விமானத்தைப் பார்க்க 2023 அக்டோபர்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உடான் திட்டத்தில் நிறுவனத்துக்கு ஏற்படும் இழப்பை அரசு ஈடுகட்டுவது பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குத்தான். அதற்குள் தன் காலில் நின்றுவிட வேண்டும். எல்லாப் பாதைகளாலும் அப்படித் தன் காலில் நிற்க முடிவதில்லை.

ஒரு பாதை மக்களின் பழக்கமாக மாறக் காலம் வேண்டும். மகளைத் திருச்சியில் கட்டிக்கொடுக்கலாமா, மகனைத் தஞ்சாவூரில் படிக்க வைக்கலாமா, அம்மாவின் கண் சிகிச்சைக்கு மதுரைக்குப் போகலாமா என்று ஒரு குடும்பம் முடிவெடுக்கும்போது, அடுத்த ஆண்டும் விமானம் இருக்குமா என்ற ஐயம் இருந்தால் அந்த முடிவே மாறிவிடும். ஆறு மாதம் ஓடி ஆறு மாதம் நிற்கும் சேவையை நம்பி யாரும் வாழ்க்கையைத் திட்டமிட மாட்டார்கள். மக்கள் நம்பி ஏறாவிட்டால் இருக்கைகள் காலியாகும். காலியானதால் சேவை நிற்கும். நின்றதால் நம்பிக்கை மேலும் போகும். இந்தச் சுழலை உடைக்கும் வலு அரசுகளுக்குத்தான் உண்டு.

செய்ய வேண்டியவை

முதலாவது, தரைவழி இணைப்பு. விமானம் இறங்கும் நேரத்தை ஒட்டிப் பலாலியிலிருந்து யாழ்ப்பாணம், பருத்தித்துறை, கிளிநொச்சி ஊர்களுக்கும், திருச்சி விமான நிலையத்திலிருந்து பஞ்சப்பூர் பேருந்து முனையத்துக்கும் தஞ்சாவூர், கும்பகோணம், நாகப்பட்டினம் ஊர்களுக்கும் பேருந்துகள் ஓட வேண்டும். விமான அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு பேருந்து அட்டவணையை எழுத வேண்டும். இதற்குப் பெரிய செலவு இல்லை. இரு பக்கமும் ஓர் அதிகாரி மனம் வைத்தால் போதும்.

இரண்டாவது, காத்திருக்கும் நேரம். நானூறு பேர் ஏறும் விமானத்துக்கும் எழுபது பேர் ஏறும் விமானத்துக்கும் மூன்று மணி நேரம் முன்பே வா என்று ஒரே விதி சொல்வதில் பொருளில்லை. முன்கூட்டியே பயணிகள் விவரத்தைப் பெற்று, குறுந்தூரப் பயணிகளுக்கென்று தனி முகப்பு வைத்தால் ஒன்றரை மணி நேரத்தில் எல்லாம் முடியும். விமானத்தின் வேகத்தை இரட்டிப்பாக்கினாலும் இவ்வளவு நேரம் மிச்சமாகாது.

மூன்றாவது, கட்டணம். விமான நிலையக் கட்டணங்களும் வரிகளும் பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்று இருப்பவை. லண்டன் போகிறவருக்கு அது சிறு தொகை. திருச்சி வருகிறவருக்குப் பயணச் செலவில் பெரும்பங்கு. இரு நாட்டு அரசுகளும் இந்தப் பாதைக்கு அதைத் தளர்த்த வேண்டும். அண்டை நாடுகளுக்குப் பறக்கும் சேவைகளுக்கு மாநில அரசு ஆதரவுத் தொகை தர வழிசெய்யும் ‘சர்வதேச உடான்’ என்ற ஏற்பாடு ஏற்கெனவே உண்டு. தமிழ்நாடு அரசு திருச்சி – யாழ்ப்பாணம் பாதைக்கு அதைக் கேட்டுப் பெறலாம்.

நான்காவது, பலாலி ஓடுபாதை. இப்போதைக்குச் சிறிய விமானங்களுக்கே அது ஏற்றது. ஓடுபாதையின் நீளம் குறைவாக இருந்தால் விமானம் சுமையைக் குறைத்துத்தான் எழும்ப முடியும். பெரிய விமானங்கள் வர வேண்டும் என்றால் நீட்டத்தான் வேண்டும். இங்கே ஒரு நியாயத்தை மறந்துவிடக் கூடாது. பலாலியைச் சுற்றியிருக்கும் வலிகாமம் வடக்கு மக்கள் 1990-இல் வீடு வாசலை விட்டு வெளியேறியவர்கள். அவர்களின் நிலத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது. இன்னும் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஓடுபாதைக்கு நிலம் வேண்டும் என்றால் உரியவர்களிடம் கேட்டு, உரிய விலை கொடுத்து, மாற்று இடம் தந்து எடுக்க வேண்டும். மக்களை வீட்டுக்குக் கொண்டுசேர்க்கத்தான் விமான நிலையம். அதற்காகவே அவர்கள் வீட்டை இழப்பது நியாயமாகாது.

ஐந்தாவது, இணைப்புப் பயணம். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் விமானங்கள் இருக்கின்றன. 2024-இல் செயல்பாட்டுக்கு வந்த புதிய முனையம் இடவசதியோடு இருக்கிறது. இடையில் விமானம் மாறும் பயணிகளுக்கான அனுமதி நடைமுறைகளை இலகுவாக்கினால், வடக்கு இலங்கையின் பயணிகளுக்குத் திருச்சியே நுழைவாயிலாகும். திருச்சிக்கும் அதனால் வருமானம்; யாழ்ப்பாணத்துக்கும் ஓர் இரவுப் பேருந்துப் பயணம் மிச்சம்.

கொட்டப்பட்டிலிருந்து ஒரு கேள்வி

திருச்சி விமான நிலையத்தின் அருகே கொட்டப்பட்டு இருக்கிறது. அங்கே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டு முகாம்களில் வாழும் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோரில் ஒரு பகுதியினர் அங்கே இருக்கிறார்கள். 1983-க்குப் பிறகு அலை அலையாகப் படகில் வந்தவர்கள், அவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். யாழ்ப்பாணம் போகும் விமானம் எழும்பும் சத்தம் முகாம் வரைக்கும் கேட்கும். முகாமில் பிறந்து வளர்ந்த ஒரு பிள்ளைக்கு அந்தச் சத்தம் நித்தமும் பழகிய சத்தம். அந்த விமானத்தில் ஏறத் தேவையான கடவுச்சீட்டு மட்டும் கையில் இல்லை.

வாசலிலிருந்து அளப்போம் என்று சொன்னேன். அந்த முகாமின் வாசலிலிருந்து அளந்தால், யாழ்ப்பாணம் இன்னமும் உலகிலேயே மிகத் தொலைவான ஊர். குடியுரிமையா, நாடு திரும்புதலா என்பதை அவர்களே தேர்ந்தெடுக்கும்படி ஆவணங்களை வழங்குவது இரு அரசுகளின் கடமை. ஊருக்குத் திரும்ப விரும்புகிறவர்களுக்குக் கொழும்பு வழியாகச் சுற்றாமல், நேராகப் பலாலியில் இறங்க வழி இப்போது இருக்கிறது. அந்த வழியை அவர்களுக்குத் திறந்துவிடுவதைவிட இந்த விமானத்துக்கு வேறு பெருமை கிடையாது.

விமானம் இருக்கிறது, ஓடுபாதை இருக்கிறது, ஏறிப் போக மக்கள் இருக்கிறார்கள். இரு நாடுகளின் கடிகாரமும் ஒரே நேரத்தைக் காட்டுகிறது. சென்னையும் கொழும்பும் டெல்லியும் சேர்ந்து இந்தச் சேவை நிற்காமல் ஓடும் என்று பத்தாண்டுக்கு உறுதி கொடுக்கட்டும். பேருந்தை விமானத்தோடு இணைக்கட்டும். வரிசையைக் குறைக்கட்டும். காவிரிக் கரையில் இருக்கும் நாமும் ஒன்று செய்யலாம். அடுத்த விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று வீட்டில் பேச்சு வரும்போது, கோவைக்கு இருக்கும் அதே தூரத்தில் யாழ்ப்பாணத்து நல்லூரும் கீரிமலையும் இருக்கின்றன என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஒருமுறை போய்வாருங்கள்.